பினாங்கில் என் கணவருக்கு வாசெக்டமி செய்த கிளினிக்: செலவு, வலி, அப்புறம் அந்தப் படிவம்

ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷனை எங்கே செய்யலாம், எவ்வளவு ஆகும், எத்தனை நாள் வலிக்கும் என்று தமிழில் தேடிப் பார்த்தேன். தமிழ்நாட்டு ஆஸ்பத்திரி விளம்பரங்கள்தான் வரிசையாக வந்தன, மலேசியாவைப் பற்றி உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. சீனர்களும் மலாய்க்காரர்களும் எழுதியவை கொஞ்சம் இருந்தன. நம் ஆட்கள் யாரும் செய்துகொள்வதில்லையா, செய்துகொண்டு வாயைத் திறப்பதில்லையா, தெரியவில்லை. அதனால் நான் எழுதுகிறேன். என் கணவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், "பேரைப் போடாம எழுது" என்று மட்டும் சொன்னார்.

இடம் ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் சிறுநீர்ப்பாதைச் சிறப்பு மருத்துவர் (யூராலஜிஸ்ட்) கிளினிக். ஆஸ்பத்திரியின் பெயரையும் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் எனக்கு அவர்கள்மேல் இரண்டு மூன்று குறைகள் இருக்கின்றன, அதெல்லாம் அவர்களிடம் மட்டுமே இருக்கும் குறைகள் என்று நான் நினைக்கவில்லை.

முதலில் காசு. டாக்டரைப் பார்க்க 150 வெள்ளி (ரிங்கிட்), ஆபரேஷன் 1,850, மருந்து 80, மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை 60. மொத்தம் 2,140 வெள்ளி. கம்பெனி மெடிக்கல் கார்டு இதற்குச் செல்லாது, கருத்தடை என்றாலே விலக்குப் பட்டியலில் போட்டுவிடுகிறார்கள், காட்டிப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதைவிடப் பல மடங்கு குறைவு. ஆனால் எங்களுக்குக் கொடுத்த தேதி ஐந்து மாதம் தள்ளி இருந்தது. இன்னும் ஐந்து மாதம் நான் மாத்திரை சாப்பிடத் தயாராக இல்லை. அதனால் சேமிப்பில் கை வைத்தோம்.

ஏன் தயாராக இல்லை என்பதைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

2016-இல் மகள் பிறந்தபோது எனக்கு இரண்டாவது சிசேரியன். எப்படியும் வயிற்றைத் திறக்கிறீர்களே, அப்படியே குழாயையும் கட்டிவிடுங்கள் என்று நானே கேட்டேன். கணவர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அவர் அன்றைக்கு ஜோகூர் பாருவில் லாரியில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தார், பிரசவம் பத்து நாள் முன்னதாகவே வந்துவிட்டது. போனில் பேசச் சொல்கிறேன் என்றேன், நேரில் வந்துதான் போட வேண்டும் என்றார்கள். எனக்கு அப்போது 30 வயது. கணக்குப் பிரிவில் மாதச் சம்பளம் வாங்குகிறேன். நாங்கள் இருக்கும் ஜெலுத்தோங் ஃபிளாட்டின் வாடகை ஒப்பந்தத்தில் என் கையெழுத்துதான் இருக்கிறது. என் வயிற்றுக்கு மட்டும் என் கையெழுத்து செல்லவில்லை. தையலைப் போட்டு வார்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம் 12 வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி. இரண்டு வருஷம் போட்டேன். எப்போது ரத்தம் போகும், எப்போது நிற்கும் என்று ஒரு கணக்கும் இல்லை, கறுப்புச் சிலுவார் (கால்சட்டை) தவிர வேறு எதையும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போக முடியவில்லை, எட்டு கிலோ ஏறினேன். அதை விட்டுவிட்டு மாத்திரைக்கு மாறினேன். இரவு ஒன்பதரைக்குப் போனில் அலாரம். பிள்ளைகள் அந்தச் சத்தத்தைக் கேட்டாலே "அம்மா மருந்து" என்பார்கள். தலைவலி மாதத்தில் நாலு நாள் வந்துவிடும், இருட்டு அறையில் படுத்துக்கொள்வேன். நாலரை வருஷம் ஒரு நாள் தவறவிடாமல் சாப்பிட்டேன்.

2022 கடைசியில் ஒரு கல்யாண விருந்துக்குப் போய்வந்து வீடு முழுக்க வாந்தி, வயிற்றுப்போக்கு. நான் இரண்டு நாள் தண்ணீர்கூட வயிற்றில் நிற்காமல் கிடந்தேன். மாத்திரையும் நிற்கவில்லை. அந்த மாதம்தான் மூன்றாவது தங்கிவிட்டது.

சோதனைக் குச்சியில் இரண்டு கோடு பார்த்ததும் என் கணவர் கேட்ட முதல் கேள்வி, "நீ மாத்திரை சாப்பிடலையா?" மாமியார் கேட்டது, "மாத்திரையை ஒழுங்காச் சாப்பிட என்னம்மா கஷ்டம்?" பக்கத்து கிளினிக் டாக்டர், அவரும் அதையே மலாயில், "லுப்பா மாக்கான் உபாட்கா?" என்றார். என் கணவர் நல்ல மனிதர், இதைப் படிக்கும்போது அவருக்குச் சங்கடமாக இருக்கும், இருந்தாலும் எழுதுகிறேன். அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவர் கோபமாகக்கூட இல்லை. வீட்டில் கேஸ் தீர்ந்தால் "கேஸ் சொல்லலையா?" என்று கேட்பாரே, அதே குரல். பிள்ளை உண்டாகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை, அதில் ஒரு தவறு நடந்துவிட்டது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் நான் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும், என்னைக் கேட்டால் இந்த விமர்சனத்தில் அதிக நட்சத்திரம் அவருக்குத்தான். பிரசவப் பதிவுக்கு அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போனோம், ஒரு வெள்ளிக் கட்டணம்கூட வாங்கவில்லை. அங்கே ஒரு தமிழ் மிஸ்ஸி (நர்ஸ்), ஓய்வு பெறும் வயது இருக்கும். ரோஸ் கலர் புத்தகத்தில் என் விவரமெல்லாம் எழுதிக்கொண்டே, எதிர்பாராத கர்ப்பமா என்றார். ஆமாம் என்றேன். என்ன கருத்தடை பயன்படுத்தினீர்கள் என்றார். மாத்திரை என்றேன். அதையும் எழுதிவிட்டு, கண்ணாடியை மூக்கில் இறக்கி, எனக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் போன் பார்த்துக்கொண்டிருந்த என் கணவரைப் பார்த்து, "நீங்க என்ன பயன்படுத்துனீங்க தம்பி?" என்று கேட்டார்.

அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "நான் என்ன மிஸ்ஸி பண்றது?" என்றார்.

"அதைத்தான் கேக்குறேன்" என்றார் மிஸ்ஸி. குரலில் கேலி இல்லை, கண்டிப்பும் இல்லை. புத்தகத்தில் நிரப்ப ஒரு விவரம் கேட்பதுபோல் கேட்டுவிட்டு, பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். பத்து வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி அது. நானும் கேட்டதில்லை.

அப்புறம் அவர்தான் சொன்னார். மாத்திரை சாப்பிடும் நூறு பெண்களில், நாம் சாதாரணமாக வீட்டில் சாப்பிடுவதுபோல் சாப்பிட்டால், ஒரு வருஷத்தில் 7 பேருக்காவது கர்ப்பம் தங்கும். ஆணுறையில் 13. ஆண் ஆபரேஷனில் ஒருவருக்குக்கூட அபூர்வம். மறதியோ அக்கறையின்மையோ இல்லாதவர்களுக்கும் மாத்திரை தவறலாம், வாந்தி வந்தால் தவற இன்னும் வாய்ப்பு அதிகம் என்றார். இன்னொன்றும் சொன்னார், அதை நான் அதற்கு முன் யோசித்துப் பார்த்ததே இல்லை. பெண்ணுக்கு ஒரு மாதத்தில் கரு தங்கக்கூடிய நாட்கள் ஏறக்குறைய ஆறுதான். ஆணுக்கு அப்படிக் கணக்கே கிடையாது, வருஷம் முழுக்க எந்த நாளும் முடியும். ஆறு நாள்காரிக்கு மாதம் முழுக்க மருந்து, எல்லா நாளும் முடிகிறவருக்கு ஒன்றுமில்லை. இதில் எங்கே நியாயம்?

கலைத்துவிடலாமா என்றும் யோசித்தேன். இதை மறைக்க விரும்பவில்லை. நம் நாட்டில் அது முழுக்க முழுக்கக் குற்றம் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தண்டனைச் சட்டம் 312-ஆம் பிரிவில் 1989-இல் திருத்தம் வந்தது. கர்ப்பம் தொடர்ந்தால் தாயின் உயிருக்கோ, உடல், மன நலத்துக்கோ உள்ள ஆபத்து கலைப்பதில் உள்ள ஆபத்தைவிடப் பெரியது என்று பதிவு பெற்ற டாக்டர் நல்ல எண்ணத்தோடு கருதினால் செய்யலாம் என்று அந்தத் திருத்தம் சொல்கிறது. மூன்றாவது சிசேரியன் என்பதால் நான் டாக்டரிடம் அதைப் பற்றிப் பேசவும் செய்தேன். இரண்டு வாரம் தூக்கம் இல்லை. கணவரிடம் கேட்டால், "உன் இஷ்டம்" என்றார்.

அந்த வார்த்தையைப் பற்றி நிறைய யோசித்துவிட்டேன். அவர் மரியாதையாகத்தான் சொன்னார். என் உடம்பு, முடிவு என்னுடையதுதான், அதில் எனக்கு இம்மியும் சந்தேகம் இல்லை, அவர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். ஆனால் அதைச் சொல்லிவிட்டு அவர் குப்புறப் படுத்துத் தூங்கினார், நான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். முடிவு என்னுடையது. அந்த முடிவுக்கு வரவேண்டிய நிலைமையை இரண்டு பேரும் சேர்ந்துதானே உண்டாக்கினோம்? "உன் இஷ்டம், எது செஞ்சாலும் நான் கூட இருக்கேன், இனிமே இப்படி ஒரு ராத்திரி உனக்கு வராம நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். பெற்றுக்கொள்வது என்று நான்தான் முடிவு செய்தேன். சின்னவள் இப்போது பக்கத்தில் உட்கார்ந்து என் செருப்பைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். அவள் வந்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அது வேறு விஷயம்.

இதே "உன் இஷ்டம்" வேறொரு இடத்தில் எப்படிக் கொடுமையாக மாறும் என்பதையும் அந்த வருஷமே பார்த்தேன். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் எனக்குத் தெரிந்த ஒரு பெண், கல்யாணம் ஆகவில்லை, இரண்டு வருஷமாகப் பழகிய பையன். உறை கிழிந்த மறுநாள் ஃபார்மசிக்குத் தனியாகத்தான் போயிருக்கிறாள். 72 மணி நேரத்துக்குள் சாப்பிடும் மாத்திரை கேட்டால் பெயர், ஐசி (அடையாள அட்டை) எல்லாம் எழுதிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேள்வி கேட்டிருக்கிறார்கள். அந்த வெட்கத்தில் வாங்காமலே திரும்பிவிட்டாள். ஆணுறை கல்லாப் பக்கத்தில் மிட்டாயோடு மிட்டாயாகத் தொங்குகிறது, அதை வாங்கும் பையனிடம் யாரும் பெயர் கேட்பதில்லை. அவள் கர்ப்பம் என்று சொன்னதும் அந்தப் பையன் சொன்னது, "வெச்சுக்கிறதும் வேணாங்கிறதும் உன் இஷ்டம், நீ பெத்துக்கிட்டா நான் ஏன் காசு குடுக்கணும்?" பிறகு போன் நம்பரையே மாற்றிவிட்டான்.

கேட்கும்போது ஏதோ நியாயம்போல் தெரியும், பல ஆண்கள் இதை உண்மையாகவே நம்புகிறார்கள். ஆனால் நம் சட்டமே அப்படிச் சொல்லவில்லை. திருமணமான பெண்கள், குழந்தைகள் ஜீவனாம்சச் சட்டம் 1950-இலிருந்து இருக்கிறது. கல்யாணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளையாக இருந்தாலும், தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள முடியாத அந்தப் பிள்ளைக்கு மாதாமாதம் பணம் கட்டச் சொல்லி தகப்பனுக்குக் கோர்ட் உத்தரவிடலாம். அந்தக் காசு பிள்ளைக்கானது, பெற்றவள் எடுத்த முடிவுக்கான அபராதமோ பரிசோ கிடையாது. கஷ்டம் என்னவென்றால், கேஸ் போட வேண்டியவள் அவள். தகப்பன் என்று நிரூபிக்க வேண்டியவள் அவள். பிறப்புப் பதிவில்கூட, கல்யாணம் ஆகாதவர்கள் என்றால், தாயும், தகப்பன் என்று ஒப்புக்கொள்பவரும் சேர்ந்து கேட்டால்தான் தகப்பன் பெயர் ஏறும். அவன் வரவில்லை என்றால் அந்த இடம் காலி. பிள்ளையைக் கொண்டுபோய் எங்காவது விட்டுவிட்டால் போலீஸ் தேடுவது பெற்றவளைத்தான். பெட்டாலிங் ஜெயாவில் 2010-இல் வளர்க்க முடியாதவர்கள் பிள்ளையை விட்டுப் போவதற்கான நாட்டின் முதல் குழந்தைத் தொட்டில் திறக்க வேண்டிய நிலைமை வந்ததே இப்படித் தனியாக விடப்பட்ட பெண்களுக்காகத்தான், எல்லோரும் "கல் நெஞ்சக்காரி" என்று ஒருமையில் திட்டுகிறோம், தகப்பனையும் சேர்த்துப் பன்மையில் யாரும் திட்டுவதில்லை. அந்தப் பெண் இப்போது தாய் வீட்டில் இருக்கிறாள், கோர்ட்டுக்குப் போக அவள் அப்பா சம்மதிக்கவில்லை.

சரி, கிளினிக்குக்கு வருகிறேன்.

சின்னவள் பிறந்தது 2023-இல். அந்த வருஷம் ஜனவரியில்தான் சட்டம் மாறி எனக்கு 98 நாள் லீவு, அவருக்கு 7 நாள். அந்த ஏழு நாளில் மருந்துக் குளியலுக்கு வெந்நீர் வைத்தது, ராத்திரி பிள்ளையைத் தூக்கி நடந்தது எல்லாம் அவர்தான், அதையும் சொல்ல வேண்டும். ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, என் தையலுக்கு மருந்து போட்டுக்கொண்டிருக்கும்போது, "அந்த மிஸ்ஸி கேட்டாங்களே" என்று ஆரம்பித்தார். முடிவெடுக்க அதற்கப்புறமும் ஒரு வருஷம் ஆனது.

மாமியாருக்குப் பெரிய பயம். பாரம் தூக்குகிற பிள்ளை, பலம் போய்விடும் என்றார். அவர் பயத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். இந்தியாவில் எமர்ஜென்சி நேரத்தில், 1976-77-இல் ஒரே வருஷத்தில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு இந்த ஆபரேஷனைச் செய்தார்கள், நிறையப் பேரைக் கட்டாயப்படுத்தி. அங்கிருந்து சொந்தக்காரர்கள் எழுதிய கடிதங்களில் வந்த கதைகள் இங்கே தோட்டம்வரை பரவியிருக்கின்றன. அந்தப் பயத்துக்குப் பின்னால் என்ன ஆனது தெரியுமா? அரசாங்கம் ஆண்களை விட்டுவிட்டுப் பெண்கள் பக்கம் திரும்பிவிட்டது. 2019-21 இந்தியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் 37.9 விழுக்காடு, ஆண்கள் 0.3. உலகக் கணக்கும் இதே திசைதான், ஐ.நா.வின் 2019 அறிக்கையில் குழாய் கட்டிக்கொண்ட பெண்கள் 219 மில்லியன், ஆண் ஆபரேஷன் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சுலபமான, ஆபத்துக் குறைந்த ஆபரேஷனைக் குறைவான பேரும், வயிற்றைத் திறக்க வேண்டிய ஆபரேஷனை நிறையப் பேரும் செய்துகொள்கிறார்கள்.

கோயிலில் ஒரு மாமா கேட்டார், "நம்ம ஜனமே 6.7 விழுக்காடுதான் இருக்கோம், இதில் இது வேறயா?" அந்தக் கணக்கு சரிதான், 2020 கணக்கெடுப்பில் குடிமக்களில் இந்தியர்கள் அவ்வளவுதான். ஆனால் விழுக்காட்டை ஏற்றும் வேலையும் கடைசியில் யார் வயிற்றில் வந்து விழுகிறது? மூன்று தையல் போட்ட வயிறு இது, மாமா. அவரிடம் இதை நேரிலும் சொன்னேன்.

என் பாட்டி கெடாவில் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். ஒன்பது பெற்றார், ஆறு தங்கியது. பிரசவம் முடிந்த கொஞ்ச நாளில் கைப்பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு உளியைத் தூக்கிக்கொண்டு மர வரிசைக்குப் போய்விடுவாராம், மரத்தில் கட்டிய மங்கில் பால் சொட்டும்போது மார்பிலும் பால் சொட்டி ரவிக்கை நனையும் என்று சொல்லியிருக்கிறார். இன்றைக்கு உலகத்திலேயே அதிக ஆணுறை தயாரிக்கும் காரெக்ஸ் நம் மலேசியக் கம்பெனி. அதே ரப்பர் பால்தான். பாட்டி காலத்தில் தாத்தா கையில் அதில் ஒன்றைக் கொடுக்க யாரும் வரவில்லை.

இப்போது சேவை எப்படி என்று சொல்கிறேன்.

பதிவு மேசையில் முதல் குறை. நாங்கள் இருவரும் போய் நின்றதும் அந்தப் பெண் படிவத்தை என் பக்கம் தள்ளி, "எத்தனை வாரம் புவான்?" என்றார். பிரசவ டாக்டரும் அதே மாடியில்தான், அதனால் இருக்கலாம். கணவர் "எனக்குத்தான்" என்று சொல்லிப் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சொல்லும்போது குரல் கொஞ்சம் தாழ்ந்துதான் இருந்தது, ஆனால் சொன்னார்.

டாக்டர் விளக்கம் முதல் தரம். ஒரு வெள்ளைத்தாளில் படம் வரைந்து காட்டினார், இரண்டு பக்கமும் இரண்டு மெல்லிய குழாய், அதைத்தான் துண்டித்து, நுனியைச் சுட்டு மூடுகிறோம், விதையை யாரும் தொடுவதில்லை, ஹார்மோன் எப்போதும்போல் ரத்தத்தில் போகும், பலம், ஆசை, மீசை எதுவும் குறையாது. கத்தியே இல்லாமல் சின்னத் துளை போட்டுச் செய்யும் முறை சீனாவில் 1974-இல் வந்தது, இங்கேயும் அப்படித்தான் செய்கிறார்கள். மறுபடி இணைக்கலாம் என்றாலும் பிள்ளை தங்கும் என்று உறுதி இல்லை, அதனால் நிரந்தரம் என்று நினைத்துத்தான் செய்ய வேண்டும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். நாங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார், அவசரப்படுத்தவில்லை. ஆண்களுக்கு மாத்திரை ஊசி எதுவும் வராதா என்று நான் கேட்டேன். 320 ஆண்களிடம் ஓர் ஊசியைச் சோதித்தார்கள், கருத்தடையாக நன்றாகவே வேலை செய்தது, ஆனால் மனநிலை மாற்றம் போன்ற பக்க விளைவுகளால் 2011-இல் நிறுத்திவிட்டார்கள் என்றார். ஆபத்து என்றால் நிறுத்த வேண்டியதுதான், நான் குறை சொல்லவில்லை. 1960-இலிருந்து பெண்கள் மாத்திரை சாப்பிடுகிறோம், எங்கள் தலைவலிக்கும் மனச்சோர்வுக்கும் "கொஞ்ச நாளில் பழகிவிடும்" என்பதுதான் பதில்.

இரண்டாவது குறை, அதே டாக்டரிடம். "நல்லா யோசிச்சீங்களா, பிள்ளைகளுக்கு ஏதாவது ஆயிட்டா? நாளைக்கு வேற கல்யாணம் செய்ய வேண்டி வந்தா?" என்று என் கணவரிடம் கேட்டார், நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே. கேட்க வேண்டிய கேள்விதான் போலிருக்கிறது, பிற்பாடு வருத்தப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். தனியாகக் கேட்டிருக்கலாம். என் கணவர், "இருக்கிற மூணு பிள்ளைங்களைப் பத்தி மட்டும்தான் யோசிச்சேன் டாக்டர்" என்றார்.

ஆபரேஷன் இருபது நிமிஷம். மரத்துப்போகும் ஊசி போடும்போது மட்டும் சுருக்கென்றதாம், அப்புறம் யாரோ இழுப்பதுபோல் ஓர் உணர்வு, வலி இல்லை. நான் வெளியே ஒரு மைலோ குடித்து முடிப்பதற்குள் அவரே நடந்து வந்துவிட்டார். வழியில் கோப்பிக் கடையில் ஐஸ் கட்டி மட்டும் வாங்கினேன், பானம் கட்டித் தரும் அந்தப் பிளாஸ்டிக் பையில் சிவப்புக் கயிறு போட்டுக் கொடுத்தார்கள். மூன்றாவது மாடி, படி ஒவ்வொன்றாக ஏறி, பாயில் படுத்து அந்தப் பையை வைத்துக்கொண்டார். மாமியார் எதுவும் பேசவில்லை. சாயங்காலம் அவரே ஒரு துணியில் அடுத்த ஐஸைச் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்.

மூன்றாவது குறை முக்கியமானது. எம்சி, அதாவது மருத்துவ விடுப்புச் சீட்டு, இரண்டே நாளுக்குத்தான் கொடுத்தார்கள். மேசை வேலைக்கு அது போதும். லாரியில் சரக்கு ஏற்றி இறக்குகிறவருக்குப் போதாது. ஒரு வாரம் பாரம் தூக்காதீர்கள் என்று வாயால் சொல்கிறார்கள், எழுதித் தருவதில்லை. முதலாளியிடம் வாயால் சொன்னால் நடக்குமா? ஐந்தாவது நாள் அரிசி மூட்டை தூக்கி, ராத்திரி வீங்கிவிட்டது. மறுபடி போய்க் காட்டி, இன்னும் மூன்று நாள் எம்சி வாங்கி, பத்து நாளில் சரியானது. பாரம் தூக்கும் வேலை என்றால் முதலிலேயே சொல்லி ஒரு வாரம் எழுதி வாங்கிவிடுங்கள். இறுக்கமான உள்ளாடை இரண்டு வாரம் போட வேண்டும், அதை முன்னாலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம், இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். செய்த மறுநாளே பாதுகாப்பு கிடையாது. ஏற்கனவே குழாயில் இருப்பது தீர வேண்டும். மூன்று மாதம் கழித்துப் பரிசோதனை செய்து, உயிரணு இல்லை என்று தாளில் வரும்வரை வேறு கருத்தடை கட்டாயம். அந்த மூன்று மாதத்துக்கு நான் மாத்திரையைத் தொடர்கிறேன் என்றேன், வேண்டாம் என்று அவரே ஆணுறை வாங்கி வந்தார். கல்யாணம் ஆன புதிதில் "அது எனக்குச் சரிப்படாது" என்று சொன்னவர் அவர். இருந்தும் நான் மாத்திரை அட்டையைத் தூக்கிப் போடவில்லை, பயத்தில் சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

பரிசோதனைக்கு மாதிரியை வீட்டிலேயே எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள், உடம்புச் சூட்டில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். சட்டைக்குள் வைத்துக்கொண்டு மோட்டாரில் போனார். லேப் மேசையில் இருந்த பெண் சத்தமாகப் பெயரைக் கூப்பிட்டு என்ன மாதிரி என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார், அவருக்கு முகம் சிவந்துவிட்டதாம். வீட்டுக்கு வந்ததும், "ஃபார்மசியில அந்தப் பொண்ணுக்கு இப்படித்தான் இருந்திருக்கும்ல" என்று கேட்டார். அந்த ஃபேக்டரிப் பெண்ணின் கதையை நான் சொல்லி ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும்.

நாலாவது நாள் ரிசல்ட் வந்தது. உயிரணு எதுவும் இல்லை. என் அட்டையில் அப்போது ஒன்பது மாத்திரை பாக்கி இருந்தது. அலாரத்தை அவர்தான் என் போனில் அழித்தார். பெரியவன் இரண்டு மூன்று நாள், "அம்மா, மருந்து மறந்துட்டீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

கடைசியாக அந்தப் படிவம். ஆபரேஷனுக்கு முந்திய பக்கத்தில் "மனைவியின் சம்மதம்" என்று ஒரு கட்டம், அதில் என் கையெழுத்து இல்லாமல் செய்ய மாட்டோம் என்றார்கள். 2016-இல் எனக்கு நடந்தது அவருக்கும் நடக்கிறது, சமமாகிவிட்டது என்று எனக்குத் திருப்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு சங்கடமாக இருந்தது. புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்வது வேறு, ஒருவர் உடம்புக்கு இன்னொருவரிடம் அனுமதி வாங்குவது வேறு. நாங்கள் ஒரு வருஷம் பேசினோம், அது போதும். "மனைவிக்குத் தெரியும்" என்று ஒரு வரி எழுதி அவரையே கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

டாக்டர் கைக்கும் விளக்கத்துக்கும் ஐந்துக்கு ஐந்து. எம்சி விஷயத்துக்கு ஒன்று குறைக்கிறேன், படிவத்துக்கு அரை. மொத்தம் மூன்றரை நட்சத்திரம். படிவத்தைப் பற்றி அவர்களுக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்திருக்கிறேன், மாற்றினால் இங்கேயே வந்து நாலு என்று திருத்திவிடுகிறேன்.